மீன்தொட்டியும் குழல் விளக்கும்: ஒளிகளைக் கலக்கும் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

வண்ண மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் கண்ணாடித் தொட்டியை வாங்குகின்றனர். அடுத்து மீன், கூழாங்கல், செடி, காற்று மோட்டார் என்று வரிசையாக வாங்கிக் கொண்டே போகின்றனர். எல்லாம் வாங்கிய பின் கையில் மிஞ்சும் காசுக்கு ஒரு விளக்கை வாங்கி மூடியில் மாட்டி விடுகின்றனர். ஆனால் தொட்டிக்குள் நாம் காணும் ஒவ்வொரு நிறமும் அந்தக் கடைசிப் பொருளான விளக்கிலிருந்து வருவதே. மீனின் உடலில் நிறமி இருக்கலாம். அந்த நிறமி திருப்பி அனுப்புவதற்குரிய கதிர் விளக்கில் இல்லையென்றால் நம் கண்ணுக்கு அந்த நிறம் வந்து சேராது. செடியின் நிலையும் அவ்வாறே. நமக்கு நிறைவாகத் தோன்றும் வெளிச்சம் செடிக்கும் நிறைவானது என்று சொல்ல இயலாது.

நம் நாட்டு மக்களுக்கு மீன் காட்சியகம் புதிதன்று. 1909ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் எட்கர் தர்ஸ்டன் என்பவரின் முயற்சியால் கடல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அப்போது குழல் விளக்கே விற்பனைக்கு வந்திருக்கவில்லை. 1826இல் பிரெஞ்சு ஆட்சியில் அமைந்த நம் புதுவைத் தாவரவியல் பூங்காவின் மீன் காட்சியகத்தைப் பள்ளிப் பருவத்தில் வரிசையில் நின்று பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. இன்று வண்ண மீன் என்றாலே சென்னைக் கொளத்தூர் நினைவுக்கு வருகிறது. அங்கு மீன் குஞ்சு பொரிப்பதும் விற்பதும் பல குடும்பங்களின் பிழைப்பு. அங்கிருந்து மீன்கள் பையில் நீரும் ஆக்ஸிஜனும் அடைக்கப்பட்டுப் புதுவைக் கடைகளுக்கும் வருகின்றன. இவ்வளவு பேர் உழைத்து வளர்த்த நிறம், கடைசியில் ஒரு விளக்கின் கீழே தான் மதிப்பிடப்படுகிறது. ஆகவே ஒரே தொட்டியின் மேல் இரண்டு வகைக் குழல்களைச் சேர்த்து மாட்டினால் என்ன நிகழ்கிறது, எதனால் நிகழ்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குழலுக்குள் நடப்பது என்ன?

நாம் ‘டியூப்லைட்’ என்று அழைக்கும் குழல் விளக்கு 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கண்ணாடிக் குழலின் உள்ளே சிறிதளவு பாதரசமும் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவும் உள்ளன. இரு முனைகளிலும் உள்ள இழைகளுக்கு இடையே மின்சாரம் பாயும்போது பாதரச அணுக்கள் கிளர்ச்சி அடைந்து, பெரும்பாலும் 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை வெளியிடுகின்றன. இது கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்சுவரில் பூசப்பட்டுள்ள வெண்ணிற மாவுதான் இக்கதிரை உட்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக மாற்றித் தருகிறது. உட்கொண்டதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளிரும் இப்பண்பை 1852இல் ஸ்டோக்ஸ் விளக்கினார். அந்த மாவை ஒளிர்பொருள் என்போம். விளக்கின் நிறத்தை முடிவு செய்வது இந்த மாவே. வாட், நீளம், சோக், ஸ்டார்ட்டர் ஆகிய யாவும் ஒன்றாக இருக்க, மாவு மட்டும் மாறினால் ஒளியின் தன்மையே மாறிவிடும்.

ஒளிர்பொருளில் இரு தலைமுறைகள் உண்டு. முதலாவது, 1940களில் வந்த கால்சியம் ஹாலோபாஸ்பேட். இதில் சிறிதளவு ஆன்ட்டிமனியும் மாங்கனீசும் கலந்திருக்கும். ஆன்ட்டிமனி 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப் பட்டையையும், மாங்கனீசு 580 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் பட்டையையும் தருகின்றன. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெண்மை. ஆனால் 620 நானோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆழ்ந்த சிவப்பு இதில் மிகக் குறைவு.

இரண்டாவது, 1970களில் வந்த மும்மாவுக் குழல். அருமண் தனிமங்களான யூரோப்பியம், டெர்பியம் ஆகியவற்றைக் கொண்ட மூன்று ஒளிர்பொருள்கள் இதில் கலந்துள்ளன. ஒன்று 450ஐ ஒட்டி நீலத்தையும், ஒன்று 545ஐ ஒட்டிப் பச்சையையும், மற்றொன்று 611ஐ ஒட்டிச் சிவப்பையும் கூர்மையான முகடுகளாகத் தருகின்றன. முகடுகளுக்கு இடையே பள்ளங்கள் உண்டு. ஆயினும் நம் கண்ணின் மூவகை நிற உணர்விகளையும் இம்மூன்று முகடுகளும் நன்கு தூண்டுவதால் பொருள்களின் நிறம் தெளிவாகத் தோன்றுகிறது.

இவ்வேறுபாட்டை நூலில் படித்துத்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. பழைய குறுந்தகடு ஒன்று போதும். நம் ஆய்வகத்தில் பயன்படும் கீற்றணியில் அங்குலத்திற்கு 15,000 கோடுகள், அதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 590 கோடுகள் உள்ளன. குறுந்தகட்டின் தடங்களுக்கு இடையேயுள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டருக்கு 625 கோடுகள். இருண்ட அறையில், கறுப்புத் தாளில் வெட்டிய மெல்லிய பிளவு வழியாகக் குழலின் ஒளியைத் தகட்டின் மீது சாய்வாக விழச் செய்து பாருங்கள். பழைய வகைக் குழலானால் தொடர்ச்சியான மங்கிய நிறமாலையும், அதன் மேல் பாதரசத்தின் நீலக்கோடும் பச்சைக்கோடும் தெரியும். மும்மாவுக் குழலானால் வண்ணப் பட்டைகள் தனித்தனியே பிரிந்து நிற்கும். செய்முறைத் தேர்வில் நாம் அளக்கும் அதே 435.8, 546.1 நானோமீட்டர் கோடுகளை வீட்டு விளக்கில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

குழலின் மேல் உள்ள எண்

குழலின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 865 என்று இருந்தால் முதல் இலக்கமான 8, நிறங்காட்டும் திறன் 80க்கு மேல் என்பதைக் குறிக்கும். சூரிய ஒளி போன்ற முழுமையான ஒளிக்கு இத்திறன் 100. அடுத்த இரு இலக்கங்களான 65, நிறவெப்பநிலை 6500 கெல்வின் என்பதைக் குறிக்கும். 840 என்றால் 4000 கெல்வின். 827 என்றால் 2700 கெல்வின். 765 என்று இருந்தால் நிறவெப்பநிலை 6500ஆக இருந்தும் நிறங்காட்டும் திறன் 70களில் தான் உள்ளது. இது ஹாலோபாஸ்பேட் குழல். பழைய குழல்களில் 54 என்று மட்டும் இருக்கும், அதுவும் இவ்வகையே.

நிறவெப்பநிலை என்பது விளக்கின் சூடு அன்று. ஒரு கரும்பொருளை எவ்வளவு வெப்பநிலைக்குச் சூடாக்கினால் அதே சாயலில் ஒளிருமோ அந்த வெப்பநிலை. எண் ஏற ஏற நீலச் சாயல் கூடும். இறங்க இறங்க மஞ்சள் சாயல் கூடும்.

765, 865 என்ற இரு குழல்களையும் அருகருகே எரியவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மை. ஆனால் 36 வாட் அளவில் முன்னது தரும் ஒளிப்பாயம் சுமார் 2500 லூமென். பின்னது 3000க்கு மேல். வெள்ளைச் சுவருக்குப் பதில் ஒரு சிவப்புத் துணியை அவற்றின் கீழே காட்டினால் வேறுபாடு உடனே விளங்கும். நிறவெப்பநிலை ஒன்றாக இருப்பதால் நிறமாலையும் ஒன்றாகிவிடாது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். ஒளிகளைக் கலப்பது பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவையே.

கடையில் சிவப்பு, வீட்டில் வெளுப்பு

என் தாய்மாமன் நகரில் சிறிய மீன் கடை ஒன்று நடத்துகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் கடையிலிருந்து வந்தது. கடையில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. மீன் வாங்கிச் சென்றவர் இரண்டு நாளில் திரும்பி வருவார்.

“அண்ணே, கடையில செக்கச்செவேல்னு இருந்த மீனு வூட்டுக்குப் போனதும் வெளுத்துப் போச்சே. சாயம் கீயம் பூசி விக்கிறீங்களா?”

“சாயம் பூசுற பொழப்பு எனக்கு வேணாம் தம்பி. வேணும்னா மீனைத் திருப்பிக் கொண்டாங்க, பார்ப்போம்.”

சாயம் ஏற்றிய மீன்கள் வணிகத்தில் உண்டு என்பது உண்மையே. கண்ணாடி மீன் எனப்படும் உடல் ஊடுருவித் தெரியும் சிறு மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கொடுமை உலகின் பல இடங்களில் நடந்துள்ளது. ஆகவே வாங்குபவரின் ஐயத்தைக் குறை கூற முடியாது. ஆனால் நாணயமாக விற்பவர் மீது அந்தப் பழி விழும்போது அவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. “மீனு அதே மீனுதான்” என்பதற்கு மேல் என் மாமாவால் விளக்க முடிந்ததில்லை. விளக்கம் இயற்பியலில் இருந்தது.

கடையின் சிவப்பு மீன் தொட்டிகளுக்கு மேல் ஓர் ஊதாச் சாயல் குழலும் ஒரு வெண்குழலும் சேர்ந்து எரிந்து கொண்டிருந்தன. வாங்கியவர் வீட்டில் இருந்ததோ பழைய வகை வெண்குழல் ஒன்று மட்டும். தங்கமீனின் சிவப்பு, கரோட்டினாய்டு என்னும் நிறமிகளால் ஆனது. இவை நீலத்தையும் பச்சையையும் உட்கொண்டு, செம்மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகின்றன. சிவப்புக் குறைந்த விளக்கின் கீழே திருப்பி அனுப்ப எதுவும் இல்லாததால் மீன் மங்கலான பழுப்பு மஞ்சளாகத் தோன்றுகிறது. நியான் டெட்ராவின் கதை சற்று வேறு. அதன் சிவப்பு நிறமியால் வருவது; பக்கவாட்டு நீலக் கோடோ நிறமியால் வருவதன்று. தோலணுக்களில் அடுக்கடுக்காக உள்ள குவானின் என்னும் மெல்லிய படிகத் தகடுகளில் நிகழும் ஒளிக் குறுக்கீட்டால் அது மின்னுகிறது. சோப்புக் குமிழியின் நிறமும் இந்த வகையே. இந்த மீனுக்கு நீலமும் சிவப்பும் இரண்டும் உள்ள ஒளி வேண்டும்.

ஆயினும் எல்லா வெளுப்பையும் விளக்கின் மீது சுமத்துவது அறிவியல் ஆகாது. புதிய இடத்திற்கு வந்த மீன் அச்சத்தாலும், வெண்மணல் போன்ற வெளிறிய தரையாலும் தன் நிறமியணுக்களைச் சுருக்கிக் கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. வாங்கும்போதே கடைத் தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ளதைப் போன்ற குழலின் கீழே மீனைப் பார்க்க வேண்டும். அங்கேயே வெளுத்துத் தெரிந்தால் காரணம் விளக்கு. அங்கே சிவந்து தெரிந்து வீட்டில் வெளுத்தால் காரணம் மீனின் நிலை. இதை மாமாவிடம் சொன்னேன். இப்போது கடையில் ஒரு தனிச் சிறு தொட்டிக்கு மேல் இரு குழல்கள் தனித்தனி சுவிட்சுடன் உள்ளன. வாங்குபவர் இரண்டிலும் பார்த்துவிட்டு எடுத்துச் செல்கிறார். சாயப் பேச்சு குறைந்திருக்கிறது.

செடிக்கு வேண்டிய ஒளி

லூமென் என்பது மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொண்ட அலகு. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் என்னும் பச்சை ஒளியை மிகவும் உணரும். ஆழ்ந்த சிவப்பையும் ஊதாவையும் மிகக் குறைவாக உணரும். பச்சையத்தின் விருப்பம் வேறு. பச்சையம் அ, 430 மற்றும் 660 நானோமீட்டரை ஒட்டியும், பச்சையம் ஆ, 450 மற்றும் 640ஐ ஒட்டியும் ஒளியை மிகுதியாக உட்கொள்கிறது.

இதை அடிப்படையாகக் கொண்டு 1960களில் சில்வேனியா நிறுவனம் ‘குரோலக்ஸ்’ என்ற குழலை வெளியிட்டது. நீலமும் சிவப்பும் மிகுந்து பச்சை குறைந்திருப்பதால் அது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சாயலில் எரியும். அதே வாட் அளவுள்ள வெண்குழலைவிட நம் கண்ணுக்கு மிகவும் மங்கல். அதன் லூமெனைப் பார்த்து அது வீண் விளக்கு என்று முடிவு செய்தால் தவறு.

அதேபோல், பச்சை ஒளி செடிக்குப் பயனற்றது என்று எண்ணுவதும் தவறே. 1972இல் மெக்ரீ என்பவர் பல பயிர்களின் இலைகளை வெவ்வேறு அலைநீள ஒளியில் ஆராய்ந்து, சிவப்பு முதலிடம் பெற்றாலும் பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்கு உதவுகிறது என்று காட்டினார். ஆகவே சாதாரண வெண்குழலின் கீழேயும் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் வளர்கின்றன. பள்ளியில் புனலையும் சோதனைக் குழாயையும் கவிழ்த்து ஹைட்ரில்லாவின் குமிழிகளை எண்ணினோம் அல்லவா? அதையே வெவ்வேறு குழல்களின் கீழே, ஒரே தொலைவில், ஒரே செடித்துண்டைக் கொண்டு செய்தால் எந்த விளக்கு செடிக்கு உகந்தது என்பதை நாமே அறியலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

கலக்கும் கணக்கு

இனி, இரண்டு குழல்களைச் சேர்ப்போம். சாயப்பொருள்களைக் கலப்பது கழித்தல். ஒளிகளைக் கலப்பது கூட்டல். ஒவ்வோர் அலைநீளத்திலும் இரு குழல்கள் தரும் ஆற்றலைக் கூட்டினால் கலவையின் நிறமாலை கிடைக்கும். இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன.

முதலாவது, நிறவெப்பநிலையை நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. 2700 கெல்வின் குழல் ஒன்றும் 6500 கெல்வின் குழல் ஒன்றும் சம லூமெனில் எரிந்தால், சராசரி 4600 என்று பலர் எண்ணுவர். 2700க்கும் 3700க்கும் இடையே கண் உணரும் வேறுபாடு மிகப் பெரிது. 5500க்கும் 6500க்கும் இடையே சிறிது. அதனால் பத்து இலட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்துக் கிடைக்கும் ‘மைரெட்’ என்ற அலகைப் பயன்படுத்துவர். 2700 கெல்வினுக்கு 370 மைரெட், 6500க்கு 154. இவற்றின் சராசரி 262. பத்து இலட்சத்தை 262ஆல் வகுத்தால் சுமார் 3800 கெல்வின். இது ஒரு தோராய விதியே. நிறவரைபடத்தில் வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் 4000க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. எப்படியாயினும் 4600 அன்று. 6500 குழல்கள் இரண்டும் 2700 குழல் ஒன்றும் வைத்தால் மைரெட் கணக்கில் சுமார் 4400ம், துல்லியக் கணக்கில் சுமார் 4600ம் வரும். மேலும் இவ்வாறு கலந்த ஒளி, அதே நிறவெப்பநிலையுள்ள கரும்பொருளின் ஒளியைவிடச் சற்றே இளஞ்சிவப்புச் சாயல் கொண்டிருக்கும். நிறவரைபடத்தில் கரும்பொருளின் பாதை வளைகோடாகவும் கலவையின் பாதை நேர்கோடாகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

இரண்டாவது, ஒரே குடும்பத்து மாவுகளைக் கலந்தால் பள்ளம் நிரம்பாது. 865, 827 ஆகிய இரண்டும் மும்மாவுக் குழல்களே; அதே மூன்று மாவுகள் வேறு விகிதத்தில் உள்ளன. இரண்டையும் சேர்த்தால் முகடுகளின் உயரம் மாறும்; புதிய முகடு தோன்றாது. 640, 660 நானோமீட்டர் பகுதி முன்பும் ஏறத்தாழ வெறுமை, பின்பும் அப்படியே. ஆகவே சாயல் மாற்றம் மட்டும் வேண்டுமென்றால் இக்கலவை போதும். விடுபட்ட அலைநீளம் வேண்டுமென்றால் வேறு குடும்பத்து மாவுள்ள குழலைச் சேர்க்க வேண்டும். 865 ஒன்றும் செடிகளுக்கான ஊதாச் சாயல் குழல் ஒன்றும் சேரும்போது, முன்னது பச்சையும் பிரகாசமும் தருகிறது. பின்னது ஆழ்ந்த சிவப்பைத் தருகிறது. மீனும் சிவக்கும், செடியும் பயன்பெறும், தொட்டியும் இருண்டு தோன்றாது. வளர்ப்போர் அனுபவத்தால் கண்டுபிடித்த இக்கூட்டணிக்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, குழல் இருக்கும் இடமும் கணக்கில் வரும். நாம் பார்ப்பது மீனின் பக்கவாட்டை. அதன் மீது விழுவது பெரும்பாலும் முன்கண்ணாடியை ஒட்டிய குழலின் ஒளி. எனவே நிறத்தை எடுத்துக் காட்டும் குழலை முன்புறமும், பிரகாசமான வெண்குழலைப் பின்புறம் செடிகளுக்கு மேலும் வைப்பது நன்று. இரண்டையும் மிகவும் விலக்கி வைத்தால் கலவை சரியாக அமையாது. கல்லின் ஒருபுறம் ஊதா நிழலும் மறுபுறம் மஞ்சள் நிழலும் விழும்.

நீர் எடுத்துக்கொள்ளும் பங்கு

கடல் ஏன் நீலம் என்ற வினாவுக்கு விடை தேடித்தான் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டுக் கப்பல் பயணத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார். வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே காரணம் என்ற கருத்தை மறுத்து, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அத்துடன் தூய நீர் சிவப்பைத் தனக்குள் இழுத்துக் கொள்கிறது என்பதும் உண்மை. 650 நானோமீட்டர் சிவப்பொளிக்கு நீரின் உட்கவர் எண் மீட்டருக்கு சுமார் 0.34. அடுக்குக்குறி விதிப்படி 45 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் 14 விழுக்காடு சிவப்பு குறையும். 10 மீட்டர் ஆழத்தில் 3 விழுக்காடே மிஞ்சும். நீல ஒளியோ வீட்டுத் தொட்டியில் ஒரு விழுக்காடு கூடக் குறைவதில்லை.

இதிலிருந்து வீட்டுத் தொட்டிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். பவளங்களோடு வாழும் நுண்பாசிகள் நீலம் மிகுந்த ஒளிக்குப் பழகியவை. அதனால் தான் வெளிநாடுகளில் கடல்நீர்த் தொட்டிகளுக்கு 420 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் ‘ஆக்டினிக்’ நீலக் குழலை வெண்குழலோடு கலந்தனர். நம் நாட்டில் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றைக் கடலிலேயே விட்டுவிடுவது நம் கடமை. நன்னீர்த் தொட்டிக்கு அந்த நீலக் குழலால் பெரும் பயனில்லை.

ஃபைட்டர் மீன் வளர்ப்போர் நீரில் நாட்டு வாதுமைச் சருகு இடுவதுண்டு. அதிலிருந்து இறங்கும் டானின் நீரைத் தேநீர் நிறமாக்கி நீல ஒளியை உட்கொள்ளும். அத்தொட்டியில் 2700 குழலைச் சேர்த்தால் எல்லாம் மஞ்சளித்துப் போகும். 6500 குழலே போதும். விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் நீரையும் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. வெவ்வேறு வாட் குழல்களை ஒரே சோக்கில் மாற்றி மாட்டக் கூடாது. 38 மில்லிமீட்டர் பருமனுள்ள பழைய 40 வாட் குழலின் இடத்தில் 26 மில்லிமீட்டர் பருமனுள்ள 36 வாட் குழல் எரியும். ஆனால் 16 மில்லிமீட்டர் பருமனுள்ள 28 வாட் குழலுக்குத் தனி எலெக்ட்ரானிக் சோக் வேண்டும்.

2. மாவுகள் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. கலவைக் குழல்களில் ஒன்று முந்தி மங்கும்போது தொட்டியின் சாயல் மெல்ல மாறும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல், சில வாரங்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக மாற்றினால் மீனும் செடியும் அதிராமல் பழகும்.

3. ஒளி மிகுந்தால் செடியை முந்திக்கொண்டு பாசி வளரும். நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும்.

4. 230 வோல்ட் மின்சாரம் நீருக்கு மேல் ஓர் அடி உயரத்தில் இருக்கிறது என்பதை மறவாதீர். விளக்குக்கும் நீருக்கும் இடையே கண்ணாடி மூடி வேண்டும். வயர் சுவிட்சுப் பெட்டிக்குச் செல்லும் முன் கீழ்நோக்கித் தொங்கி வளைந்து மேலேறினால் வழியும் நீர் வளைவில் சொட்டி விடும். கையை நீரில் விடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றில் ஹோல்டரின் பித்தளை விரைவில் பச்சை பிடிக்கும். அவ்வப்போது சோதிப்பது நன்று.

5. குழலுக்குள் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராமே, ஆயினும் நஞ்சு. எரிந்துபோன குழலைக் குப்பைமேட்டில் உடைப்பதும், சிறுவர்கள் விளையாட விடுவதும் தவறு. உடைந்தால் சன்னலைத் திறந்து வைத்து, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டித் தாளால் வாரி மூடிய பாத்திரத்தில் இட வேண்டும். மின்னணுக் கழிவு விதிகளில் இவ்விளக்குகளும் அடங்கும்.

குழலுக்குப் பின்

பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை உறுதி செய்தது. 2023இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், ஹாலோபாஸ்பேட் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2026ஆம் ஆண்டோடும், மும்மாவுக் குழல்களினுடையதை 2027ஆம் ஆண்டோடும் நிறுத்த முடிவு செய்தன. ஆக, இக்கட்டுரையின் நாயகனான குழல் விளக்கு விடைபெறும் காலம் வந்துவிட்டது. அதன் இடத்தை எல்.இ.டி. பிடித்து வருகிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். அதே 2014இல் தான், நாடு முழுவதற்குமான திட்டம் 2015இல் வருவதற்கு முன்பே, நம் புதுச்சேரி வீடுகளில் இழை பல்புகளுக்கு மாற்றாக எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அப்படியானால் குழல்களைக் கலக்கும் இக்கணக்கு எதற்கு என்று கேட்கலாம். வெள்ளை எல்.இ.டி.யும் அடிப்படையில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியும், அதை உட்கொண்டு மஞ்சளாக ஒளிரும் மாவும் சேர்ந்ததே. அதன் நிறமாலையில் 480ஐ ஒட்டி ஒரு பள்ளமும், மலிவான வகைகளில் ஆழ்ந்த சிவப்புக் குறைவும் உண்டு. அங்கும் நிறவெப்பநிலையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். அங்கும் வேறு குடும்பத்து ஒளியைச் சேர்த்தால்தான் பள்ளம் நிரம்பும். விளக்கின் பெயர் மாறினாலும் கூட்டல் விதி மாறவில்லை.

சந்தையில் இன்று ‘மீனின் நிறம் கூட்டும் விளக்கு’, ‘செடி வளர்க்கும் விளக்கு’ என்ற பெயர்களில் பல பெட்டிகள் வருகின்றன. சிலவற்றில் உண்மை உண்டு. சிலவற்றில் விலை மட்டும் உண்டு. பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்குவதற்கு முன், விளக்கின் எண்ணைப் படிப்போம்; ஒரு குறுந்தகட்டில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்ப்போம்; ஒரு சிவப்புத் துணியைக் கீழே காட்டிப் பார்ப்போம். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. நாம் ஆய்வகத்தில் கற்கும் நிறமாலைப் பாடம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடாமல், கடைவீதியில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே எழும் ஐயத்தையும் தீர்க்க வல்லது. மாணவ நண்பர்கள் தத்தம் ஊரிலும் தொழிலிலும் இத்தகைய சிறு வினாக்களைத் தேடி எடுத்து, அவற்றுக்குரிய விடையை வரும் ஆண்டு மலர்களில் எழுத வேண்டும் என்பது என் அவா.